கடலோர வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால், சுவிட்சைப் போடுவதற்கு முன்

பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட வைப்பது எப்படி என்று தேடினால் வீடியோவுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலும் இங்கிலாந்து, ஹாலந்து, ஜப்பான் ஆட்கள் போட்டவை. அங்கே பரணில் கிடந்த பெட்டிமேல் தூசி படிந்திருக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும், துடைத்து எடுத்து ஓட்டிக் காட்டுவார்கள். ராமநாதபுரம் கடலோரத்துக் கீழக்கரையில் பரணில் கிடந்த பெட்டியின் கதை வேறு. அதற்குள் உப்பு இருக்கிறது. இந்த ஒன்றை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஏழாயிரம் ரூபாய்க்குமேல் மிச்சமாகியிருக்கும், ஒரு வருடத்து விடுமுறை நாட்களும் தப்பியிருக்கும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எத்தனையோ வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த பழைய சாமான்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. அதில் ஒரு கம்ப்யூட்டரோ வீடியோ கேமோ இருந்து, அதை எடுக்கலாம் என்று உங்களுக்கு ஆசை வந்தால், கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தொழில் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஸக்ர் என்ற கம்ப்யூட்டர். சாச்சா, அதாவது சித்தப்பா, குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. 1990 தொடக்கத்தில் லீவுக்கு வந்தவர், பிள்ளைகள் விளையாடட்டும் என்று இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டான் போய் அம்மானிலிருந்து விமானம் ஏறி ஊர் திரும்பினார்களே, அதில் சாச்சாவும் ஒருவர். கையில் ஒரே ஒரு பை. அங்கே சம்பாதித்த சாமானில் மிஞ்சியது முன்கூட்டியே ஊருக்கு வந்துவிட்ட இந்தப் பெட்டிதான். அதனாலேயே அதை யாரும் எடைக்குப் போடவும் இல்லை, எடுத்து ஓட்டவும் இல்லை.

ஸக்ர் நம் ஊரில் பலர் கேள்விப்படாத பெயர். குவைத்தில் அல் ஆலமியா என்ற நிறுவனம் அரபி பேசுகிறவர்களுக்காக விற்றது. இயந்திரத்தை யமஹா போன்ற ஜப்பான் கம்பெனிகள் செய்து கொடுத்தன. உள்ளே இருப்பது எம்எஸ்எக்ஸ். 1983இல் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் மைக்ரோசாப்டும் சேர்ந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக அறிவித்த பொதுத்தரம் அது. சோனி, பானாசோனிக், சான்யோ என்று யார் செய்தாலும் ஒரே கேசட், ஒரே கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, சொருகுகிற சின்ன டப்பா) எல்லாவற்றிலும் ஓடும். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 பிராசஸர், வீடியோவுக்குத் தனி சிப், அந்தச் சிப்புக்கென்று தனியாக 16 கிலோபைட் நினைவகம். ஸக்ரில் இதற்குமேல் அரபி எழுத்தும் ரோமிலேயே, அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகச் சிப்பிலேயே, உண்டு. எங்களுக்கு அரபி மெனு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொனாமியின் அன்டார்டிக் அட்வென்ச்சர் கார்ட்ரிட்ஜை மாட்டி, பென்குயினைப் பனியில் ஓடவிடுவதோடு சரி. வளைகுடா மாடல்கள் நம் நாட்டைப் போலவே 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை திரையை வரைகிற, பிஏஎல் டிவிக்குச் செய்யப்பட்டவை. அந்தக் கேம் 60 ஹெர்ட்ஸ் ஜப்பானுக்காக எழுதப்பட்டது. ஆகவே எங்கள் பென்குயின் ஜப்பான் பென்குயினைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. இது தெரிந்தபோது காக்காவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, போன் போட்டுச் சொன்னேன். “அப்ப நான் அடிச்ச ஸ்கோரெல்லாம் செல்லாதா?” என்று கேட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதும் நான் எதையும் தொடவில்லை. எனக்குத் தெரியாத வேலை, தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று ஒரு பெரிய ஊரில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்கிற கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் பெட்டியை வாங்கினார், மேசையில் வைத்தார், பிளக்கைச் சொருகினார். முப்பது வருடத்துக்குமேல் கரண்டே பார்க்காத பெட்டி. திரையில் கோடு கோடாக ஏதோ வந்தது, அப்புறம் கருகிய வாடை. “பவர் சப்ளை போச்சு சார், சர்வீஸ் பண்ணித் தரேன்” என்றார். கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றி, ஆல்கஹாலும் பிரஷ்ஷும் போட்டு போர்டைத் துடைத்து, மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு கொடுத்தார். வீட்டில் வந்து போட்டால் ஓடியது. பென்குயின் வந்தது. உம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் சோழகக் காற்று தொடங்கியது. இரவெல்லாம் கடலிலிருந்து ஈரம் ஏறும் அந்த நாட்களில் திரையில் எழுத்துகள் மாறத் தொடங்கின. பகல் வெயிலில் ஒழுங்காக இருக்கும், பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பிறகு கோளாறு. ஆடி முடிவதற்குள் மொத்தமாகப் படுத்துவிட்டது.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். யாரிடம் கொடுத்தாலும் “என் கண் முன்னால் கழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள். பவர் சப்ளையை போர்டிலிருந்து பிரித்து, தனியாக ஓடவிட்டு, 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட் மூன்றும் சரியாக வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் போர்டோடு சேர்க்க வேண்டும். பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில வகைகளில் சார்ஜ் தங்கியிருக்கும், ஆகவே அந்தப் பகுதியைப் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். இரண்டாவது, கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மழை, வெயில், நேரம் எல்லாம். மாலைக்குப் பிறகு மட்டும் வருகிற கோளாறு சிப்பின் கோளாறாக இருப்பது அபூர்வம், ஈரத்தின் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் கடைக்காரரிடம் நான் இதைத்தான் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டாமலேயே “வீடியோ சிப் போயிருச்சு, வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

வீடியோ சிப் உள்ளூரில் கிடைக்கிற பொருள் இல்லை. வெளிநாட்டு இணையச் சந்தையில் ஒருவரிடம் ஆர்டர் போட்டேன். சிப்புக்கும் அனுப்பும் செலவுக்கும் இரண்டாயிரத்து அறுநூறு, சுங்கவரியும் கூரியர்காரர்களின் கையாளும் கட்டணமும் சேர்ந்து இன்னொரு ஆயிரத்துச் சொச்சம். வந்தது போலி. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கிய ஏதோ ஒரு சிப்பின் முதுகைத் தேய்த்து, மை பூசி, புதுப் பெயர் அச்சடித்தது. இந்த வியாபாரம் பெரிய அளவில் நடக்கிறது. ஜைலாக் நிறுவனம் 2024இல் 40 முள் இசட்80 சிப்பின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய சிப்புகள் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை என்பதால் போலிக்கு இன்னும் கிராக்கிதான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுச் சிப்பின் முதுகில் தேயுங்கள். கறுப்புப் பூச்சு பஞ்சில் ஒட்டினால் போலி. எல்லாக் காலும் புத்தம்புதிதாகப் பளபளவென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள், மறுபடி ஈயம் பூசியிருப்பார்கள். முதுகில் இருக்கும் தேதிக்குறியீடு அந்தச் சிப்பின் காலத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார், திருப்பி அனுப்பும் செலவு என்னுடையதாம். அது சிப்பின் விலையைத் தாண்டியது. விட்டுவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பெட்டி மேசையில் திறந்தே கிடந்தது. ஊரில் இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. இணையத்தில் கேட்டால் “ஆல்கஹாலில் கழுவு” என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. கழுவினேன், ஐந்நூறு ரூபாய் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. “அந்தப் பெட்டியப் பாத்தாலே உன் முகம் வாடிப் போவுது, தூக்கிப் போட்ரு” என்று உம்மா சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கும் அதே எண்ணம் வந்தது, மறைக்கவில்லை.

வழி கிடைத்தது மண்டபம் என்கிற கடலோர ஊரில். பில்லிங் சாப்ட்வேர் விஷயமாக ஒரு மீன் கம்பெனிக்குப் போயிருந்தேன். பக்கத்தில் மீன்பிடிப் படகுகளின், அதாவது போட்டுகளின், வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், மீன் பார்க்கிற எக்கோ சவுண்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஓர் அண்ணன் இருந்தார். பேச்சுவாக்கில் சொன்னேன். போனில் இருந்த போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, ஸ்பிரிட்டு ஊத்துனா உப்பு எங்க போவும்? உப்பு தண்ணிக்குத்தான கரையும். போட்டு செட்டு கடல்ல விழுந்து வந்தா நாங்க மொதல்ல நல்ல தண்ணியிலதான் முக்குவோம். காயப்போடுறதெல்லாம் அப்புறம்.” எட்டாம் வகுப்பு வேதியியல். உப்பு சுத்தமான ஆல்கஹாலில் கரையவே கரையாது என்று சொல்லலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கையும் சால்டர் பிசினையும் எடுக்கும். உப்பை இங்கிருந்து அங்கே தள்ளி வைக்கும், அவ்வளவுதான். குளிர்நாட்டு வீடியோக்களில் உப்பு இல்லாததால் அவர்களுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

ஈரத்துக்கும் மாலை நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதும் அதற்குப் பிறகு படித்ததில் விளங்கியது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். உப்புக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு இடையில் அது பாலம் போட்டால் ஒரு கோட்டின் சிக்னல் அடுத்ததில் கசியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், கோளாறும் மறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் செம்பு கொஞ்சம் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம் சிக்ரி, துருப்பிடிப்பை ஆராயவென்றே மண்டபத்தில் தனியாக ஒரு மையம் வைத்திருக்கிறது. உலோகத்தை வெளியே வைத்து எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று பார்க்க அவர்களுக்குக் கிடைத்த இடம் நம் கரை. அந்தக் கரையில்தான் நாம் கம்ப்யூட்டரைப் பரணில் போட்டுவைக்கிறோம்.

அண்ணன் செய்த முறையை விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைக் கழற்றினார். தண்ணீர் புகக் கூடாத பாகங்கள் உண்டு. டிரான்ஸ்பார்மர், கீபோர்டு, டிவி சிக்னல் வரும் தகரப் பெட்டி, கேசட் மோட்டாரை இயக்கும் சின்ன ரிலே. கழற்ற முடிந்ததைக் கழற்றினார், முடியாததை டேப் ஒட்டி மூடினார். கழுவியது பெட்ரோல் பங்கில் கிடைக்கிற, உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீரில். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், எங்கள் பக்கத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கழுவி உப்பைச் சேர்த்துவிடுவீர்கள். அகலமான பிளாஸ்டிக் தட்டில் போர்டை ஊறவைத்து, மென்மையான பல் பிரஷ்ஷால் சிப்புகளின் கால் இடுக்கிலெல்லாம் தேய்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத்தண்ணீர். முதல் தட்டுத் தண்ணீர் லேசாகப் பச்சையாக இருந்தது. தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் ஆல்கஹால், மிச்சத் தண்ணீரை இடுக்குகளிலிருந்து வெளியேற்றுவதற்காக. பின்பு மின்விசிறிக்கு அடியில் நிறுத்திவைத்து நன்றாகக் காயவிட்டார். ஹேர் டிரையர், அடுப்பு, தகரக் கூரைமேல் வெயில் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

காய்ந்த பிறகு கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. வீடியோ சிப்பின் சாக்கெட்டில் தகடுகள் அரித்துப்போய்க் கால்களைப் பிடிக்கவே இல்லை. அதன் கீழே ஒரு செம்புக் கோடும் அறுந்திருந்தது. சாக்கெட்டை மாற்றி, மெல்லிய கம்பியால் கோட்டை இணைத்து, பழைய சிப்பையே திரும்பப் போட்டார். ஓடியது. போனதாகச் சொல்லப்பட்ட சிப் அதே சிப்தான், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் அறுநூறு ரூபாய் வாங்கினார். கடைசியில் போட்டு செட்டுகளுக்கு அடிக்கிற அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லியதாக அடித்துக் கொடுத்தார். சாக்கெட், கார்ட்ரிட்ஜ் வாய், இணைப்பு முனை இவற்றின்மேல் அது படக் கூடாது. முழுக்கக் கழுவாத போர்டில் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும் என்றும் எச்சரித்தார்.

வினிகர் பற்றிப் பலர் சொல்வார்கள். அது வேறு நோய்க்கு மருந்து. 286, 386, 486 காலத்துப் பிசி போர்டுகளில் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் வருவது காரம், அதைச் சமன்செய்யத்தான் நீர்த்த வினிகர். வீட்டில் அந்தக் காலத்துப் பிசி இருந்தால், ரிப்பேர் செய்கிற எண்ணமே இல்லாவிட்டாலும், பேட்டரியை மட்டும் இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கிற வித்தை ஒன்று உண்டு. நம் வெயிலுக்குச் சீக்கிரமே வெளுக்கும், திட்டுத் திட்டாகவும் வெளுக்கும். நான் செய்யவில்லை. மஞ்சளாக இருந்தால் என்ன?

வைத்துக் காப்பாற்றுவது தனிக் கதை. துணி போர்த்துவதால் பயனில்லை, ஈரத்தைத் துணி பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்பு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவும், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லும், முந்நூறு ரூபாய் ஈரப்பத மீட்டரும் போதும். மீட்டரை டப்பாவுக்குள் வையுங்கள். 60ஐத் தாண்டும்போது ஜெல்லை எடுத்து வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும், மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் உள்சூட்டிலேயே கொஞ்சம் காயும். கரண்ட் விஷயத்தில் ஒன்று: மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய டிரான்ஸ்பார்மர் சப்ளை உர்ரென்று சத்தம் போட்டுச் சூடாகும். கரண்ட் போனால் விளையாட்டை நிறுத்திவிடுங்கள். ஸ்டெபிலைசருக்கு இரண்டாயிரத்து இருநூறு கொடுத்தேன், அந்தச் செலவுக்கு வருத்தமில்லை.

கேசட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாச்சா தானே பேசிக் மொழியில் எழுதிய புரோகிராம்கள் சில கேசட்டுகளில் இருந்தன. சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது எவ்வளவு என்று கணக்குப் போடுகிற புரோகிராம் ஒன்று என்று லேபிளில் எழுதியிருந்தார். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம். அப்படியே ஓட்டினால் பூசணம் ஹெட்டில் ஒட்டும், டேப் கிழியவும் கூடும். திருகு போட்ட கேசட்டாக இருந்தால் திறந்து, உலர்ந்த மென்துணியால் சுருளின் ஓரத்தைத் துடைத்து, நல்ல கூட்டுக்கு மாற்றி, ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிளேயரின் ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் பிசினாகியிருக்கும், புதுசு போட்டாக வேண்டும். ஓடத் தொடங்கியதும் முதல் வேலை, சத்தத்தை லேப்டாப்பில் வேவ் கோப்பாகப் பதிந்துவிடுவது. எம்பி3 ஆக்காதீர்கள். எம்எஸ்எக்ஸ் கேசட்டில் 0 என்பது 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை, 1 என்பது 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை. சுருக்கினால் அலையின் விளிம்பு மழுங்கும். அதே கோப்பைப் போனிலிருந்து வயர் வழியே கம்ப்யூட்டரின் கேசட் வாய்க்குக் கொடுத்தால் புரோகிராம் ஏறிவிடும். 16 கிலோபைட் ஏற இரண்டரை நிமிடம். சாச்சாவின் கணக்கு புரோகிராம் ஏறியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு, “தினார் ரேட்ட மாத்தணும்டா” என்றார்.

இத்தனை பாடுபட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில், இதில் புரோகிராம் எழுதிப் பாருங்கள் என்பதுதான். பென்குயினை இரண்டு நாள் விளையாடினால் சலித்துவிடும். நான் பகலில் எழுதுகிற பில்லிங் சாப்ட்வேர் எத்தனை லைப்ரரிகளின் மேல் நிற்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரு பில் அடிப்பதற்குள் யார் யாரோ எழுதிய புரோகிராம் ஓடுகிறது, ஏதாவது ஒன்று அப்டேட் ஆனால் திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் போன் போடுகிறார். எம்எஸ்எக்ஸில் என் புரோகிராமுக்கும் சிப்புக்கும் நடுவே யாரும் இல்லை. மெமரியில் ஒவ்வொரு பைட்டும் எதற்கு என்று சொல்ல முடியும். இப்படி ஓர் இயந்திரத்தை முழுக்கத் தெரிந்துகொள்கிற அனுபவம் இன்றைக்குப் படித்து வருகிற பிள்ளைகளுக்குக் கிடைப்பதே இல்லை, அது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை வைத்து ஒரு கேம் எழுதினேன். 1914இல் திறந்த பாலம், நடுவில் இருந்த ஷெர்சர் என்ற தூக்குப் பகுதி இரண்டு கையாக மேலே விரிந்தது, ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் செங்குத்தாக உயரும் புதுப் பாலம் வந்துவிட்டது, ஆனால் விளையாட்டுக்குப் பழையதுதான் அழகு. ரயில் வருவதற்குள் போட்டுகளைக் கடக்கவிட வேண்டும். இதில் முதல் அடி ஸ்பிரைட், அதாவது திரையில் தனியாக நகரும் சின்னப் படம், எண்ணிக்கையில் விழுந்தது. இந்த வீடியோ சிப் மொத்தம் 32 ஸ்பிரைட் காட்டும், ஆனால் ஒரே கிடைக்கோட்டில் நான்குதான். ஐந்தாவது போட்டு வரிசைக்கு வந்ததும் காணாமல் போகும். ஒவ்வொரு பிரேமிலும் வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால் எல்லாம் மினுக்கி மினுக்கித் தெரியும். அந்தக் காலத்துக் கேம்கள் மினுக்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது பெரிய அடி. லேப்டாப்பில் நான் வைத்திருந்த, நிஜப் பெட்டியைப் போல நடிக்கிற எமுலேட்டரில் சுத்தமாக ஓடிய கேம், நிஜப் பெட்டியில் திரையெல்லாம் பொடி தூவியது. மறுபடி உப்பா என்று வயிறு கலங்கியது. பென்குயின் கார்ட்ரிட்ஜைப் போட்டேன், ஒரு புள்ளி பிசகவில்லை. அப்படியானால் பெட்டியில் குறையில்லை, என் புரோகிராமில்தான். தேடிப் பார்த்ததில், திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோ சிப்புக்கு ஒரு பைட் எழுதினால் அடுத்த பைட்டுக்கு முன் பிராசஸர் தன் கடிகாரத்தின் 29 துடிப்பாவது காத்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக எழுதுகிற ஓடிஐஆர் கட்டளைக்கு எம்எஸ்எக்ஸில் ஒரு பைட்டுக்கு 23 துடிப்புதான். சிப் சில பைட்டுகளைத் தவறவிடுகிறது. சில எமுலேட்டர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. திரையின் கீழ் விளிம்பு முடிந்து மேல் விளிம்பு தொடங்கும் இடைவெளிக்குள் எழுதிவிட்டால் தொல்லை இல்லை. 50 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 60 ஹெர்ட்ஸைவிட நீளம், அது நமக்கு லாபம். ஆகவே நன்றாக ஓடுவதாகத் தெரிந்த ஒரு கார்ட்ரிட்ஜை எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். இயந்திரமா, புரோகிராமா என்ற சந்தேகத்தை அது ஒரே நிமிடத்தில் தீர்த்துவிடும்.

கேமில் தமிழில் எழுத்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. ‘ட’வும் ‘ப’வும் அதில் அழகாக உட்காரும். ‘ண’வை உட்காரவைக்க முடியாது. நான்கு கட்டம் சேர்த்து ஓர் எழுத்து என்று வைத்து, உயிர்மெய்களை முழுதாக வரையாமல் கொம்பையும் துணைக்காலையும் தனிக்கட்டமாக ஒட்டினேன். உகர, ஊகார வரிசைக்கு மட்டும் ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டியிருந்தது. அரபி எழுத்து சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து வடிவம் மாறும், வலமிருந்து இடமாக ஓடும். அதையே 1980களில் இந்தச் சின்ன ரோமுக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு என் சிரமத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

வாங்குகிற எண்ணம் இருப்பவர்களுக்கு: ஜப்பான் மாடல் மலிவாகத் தெரியும். அது 100 வோல்ட், நேராக நம் பிளக்கில் போட்டால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஏவி இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஜப்பான் டிவி சேனல் சிக்னல் நம் டிவியில் வராது. கடலோர ஊர்க்காரர் விற்றால் “ஓடுகிறது” என்ற சொல்லை நம்பாமல் போர்டின் இரண்டு பக்கத்துப் படமும் கேளுங்கள், மாலையில் ஓட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ஓடாத பெட்டிக்கான விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கைச்செலவுக்கு இப்படி ஒதுக்கி வையுங்கள்: பேட்டரித் தண்ணீர், ஆல்கஹால், பிரஷ், டப்பா, ஜெல், மீட்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். முதலில் இதைச் செலவழித்துக் கழுவிப் பாருங்கள். சிப் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.